சிடிக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று பெண்களை வளர்த்தேன். மூன்று பேரையும் தனியாகத்தான் வளர்த்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்து தெரியும், வேகம் கிடையாது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று இந்த நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

எங்கள் தாராவி வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சிடி ரெக்கார்டர். சிடியைப் பாட வைக்கிற பெட்டி ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. இது அப்படி இல்லை, சிடியில் பதிகிற பெட்டி. கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு பக்கம் கேசட் ஓடினால், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர் வழியாக வரும் சத்தத்தை இது வெறும் சிடியில் ஏற்றிவிடும். இது எப்படி என் கைக்கு வந்தது, இதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலைக்குப் போனார். கடிதம் எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து ஓடாது, அவருக்கும் அதே கதைதான். அதனால் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டோம். ஊர் திரும்புகிறவர் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். நான் கேட்டுவிட்டு, பதில் பேசி, போகிறவர் கையில் கொடுப்பேன். எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் தபால். மூன்றாவது பெண் பிறந்தபோது அவள் அழுகையைப் பதிந்து அனுப்பினேன். பதில் கேசட் வந்தது. முதல் பக்கம் முழுக்க எனக்குப் பேசியிருந்தார். மறுபக்கத்தின் கடைசியில் அவளுக்குப் பேசியிருந்தார். அவள் தவழ்வதற்குள் அங்கே சாரம் சரிந்து அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கேசட்டுகளை என்னால் போட முடியவில்லை. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து டேப் ரெக்கார்டரையும் கேசட்டுகளையும் கொண்டுபோனது. தப்பியது ஒன்றே ஒன்று. பரணில் கல்யாணப் புடவைக்குள் சுற்றி வைத்திருந்த அந்தப் பதில் கேசட்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் அப்பா தூக்கின ஞாபகமாவது இருக்கு. எனக்கு ஒரு சத்தங்கூட இல்ல" என்று சின்னவள் அக்காமாரிடம் சொல்வாள். சண்டையாகச் சொல்ல மாட்டாள். அரிசி களைந்துகொண்டே சொல்வாள். எனக்கு அதுதான் தாங்காது.

நான் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். அந்த வீட்டு ஐயா ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடம் நிறையக் கச்சேரி கேசட். அதையெல்லாம் சிடியில் ஏற்றுவதுதான் அவருக்குப் பகல் முழுக்க வேலை. கண் மங்கிப்போனதால் பெட்டியின் பொத்தான்களை அமுக்க என்னைக் கூப்பிடுவார். பொத்தானில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. இடத்தை வைத்துப் படித்துக்கொண்டேன். சிவப்பு வட்டம் பதிய, அதற்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு நிறுத்திவைக்க, வலது ஓரத்துச் சின்னது மூட.

"ஊசி கீசி ஒண்ணும் கிடையாது. வெளிச்சத்தாலயே சுட்டு எழுதறது" என்றார் ஒரு நாள்.

"வெளிச்சமா எழுதுது ஐயா?"

"ஆமாம்கறேன். எழுதினா எழுதினதுதான், அழிக்க முடியாது. முடிஞ்சதும் மறக்காம மூடணும். மூடலேன்னா வேற எந்தப் பெட்டியிலயும் பாடாது."

பதிந்து முடித்த சிடியை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். நடு ஓட்டையிலிருந்து பாதி தூரம் வரை ஒரு நிறம், அதற்கு மேல் இன்னொரு நிறம். எழுதின இடம், எழுதாத இடம். அரை மணி நேரப் பாட்டு கண்ணால் பார்க்கும்படி வளையமாகக் கிடந்தது. கோவில் கருவறையில் தீபம் காட்டும்போது ஒரு கணம் சாமி முகம் தெரியுமே, அதைப் பார்ப்பது போல நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததற்கு அந்த வீட்டு மாமியிடம் திட்டு வாங்கினேன்.

என் கேசட்டை அவரிடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டேப் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது ஒரு தடவை ஓடும். ரெண்டாவது தடவைக்கு நான் ஜவாப்தாரி இல்லே. வச்சுட்டுப் போ, நானே போட்டுத் தரேன்."

நான் வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். நல்ல மனுஷர்தான். ஆனால் என் வீட்டுக்காரர் எனக்குப் பேசினதை இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் போட்டுக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்து மகனிடம் அமெரிக்கா புறப்பட்டார்கள். "ஃபிரிஜ் எடுத்துக்கறியா, வாஷிங் மிஷின் எடுத்துக்கறியா? ஒண்ணு சொல்லு" என்றார் மாமி. நான் பெட்டியைக் காட்டினேன். மாமி சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. பெட்டியோடு, கேசட்டை ஓட்டுகிற அவருடைய டேப் டெக், வயர்கள், ஹெட்போன் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார். கடையில் விற்கிற கம்ப்யூட்டர் சிடியை இந்தப் பெட்டி ஏற்காது, பாட்டுக்கென்று வருகிற தனிச் சிடிதான் வேண்டும் என்று சொல்லி, மீதமிருந்த வெறும் சிடிக் கட்டையும் தந்தார். டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என்னோடு இருந்த மூத்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஃபிரிஜ்ஜ விட்டுட்டு இதத் தூக்கிட்டு வந்திருக்கியே, இதுக்குள்ள தண்ணி குளுருமாம்மா?"

"குளுரும். பொறுத்துப் பாருட்டி" என்றேன்.

அப்போது சின்னவள் நெருளில் புருஷன் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தசரா முடிந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று சம்பந்தி வீட்டில் நாள் குறித்தார்கள். வளையல் போடும் வரிசையில் எனக்கு இடம் கிடையாது. நெற்றியில் குங்குமம் இல்லாதவள் ஓரமாக நிற்க வேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். சரி, நான் போட முடியாவிட்டால் என்ன, அவள் அப்பாவை அழைத்துப் போகிறேன் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு காலை பதிய உட்கார்ந்தேன். ஒரு தடவைதான் ஓடும் என்று ஐயா சொன்னது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. மிக்சியை நிறுத்தினேன், விசிறியை நிறுத்தினேன். எதிர்ப் பட்டறையில் பை தைக்கிறவனிடம் போனேன்.

"ஒரு மணி நேரம் மிஷின பந்த் பண்ணு தம்பி."

"ஆர்டர் இருக்குக்கா. என்ன விஷயம், வீட்ல யாருக்கும் முடியலயா?"

"என் வீட்டுக்காரரு பேசப் போறாரு."

அவர் போய் இருபத்தைந்து வருஷம் ஆனது அவனுக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்தான். மிஷினை நிறுத்தினான். பக்கத்துப் பட்டறைக்கும் தானே போய், "அரே, பந்த் கரோ, பந்த் கரோ" என்று கையைக் காட்டி நிறுத்த வைத்தான். எங்கள் சந்து அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மூத்தவள்தான் கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, சத்தம் வயர்லல்லா போவுது? தெருச் சத்தம் எப்படிம்மா உள்ள ஏறும்?"

அதுவும் சரிதான். ஆனாலும் யாரையும் திரும்ப ஓட்டச் சொல்லவில்லை. அவருக்கு அந்த மரியாதை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹெட்போனைக் காதில் மாட்டி சிவப்பு வட்டத்தை அமுக்கினேன். பெட்டியின் முகத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. அவர் மூச்சு இழுத்தால் ஒரு கோடு, பேசினால் ஆறேழு கோடு. அவர் இருமும்போது கோடு உச்சிக்குப் போய்ச் சிவந்தது. காதில் அவர், கண்ணில் அந்தக் கோடுகள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் இரட்டைக் கோட்டை அமுக்கி, கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்தில் அவர் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்து, வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தபோது டேப் சிக்கி அறுந்தது. ஐயா வாக்கு தப்பவில்லை. வலது ஓரப் பொத்தானை அமுக்கி சிடியை மூடினேன். இனி அவர் இருப்பது அந்த ஒரு சிடியில்தான்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் சந்தில் அன்றைக்குப் பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. தையல் மிஷின், கத்தரி, கிரைண்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செண்டுப்பூ. நான் பெட்டிக்கு வைத்தேன். பிறகு சிடியை எடுத்தேன். பளபளவென்று இருக்கிற பக்கம்தானே அதற்கு முகம்? நடு ஓட்டையைச் சுற்றி மூன்று இடத்தில் சந்தனம் இட்டு, மேலே குங்குமம் வைத்தேன். நான் வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமான குங்குமம். என் கையால் அவருக்கு வைத்தது போல இருந்தது. கண்ணில் ஒற்றி உறையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை குர்லாவில் ரயில் மாறி நெருள் போய்ச் சேர்ந்தேன். கூடம் நிறையப் பெண்கள். சின்னவள் நாற்காலியில் மாலையோடு இருந்தாள். மருமகன் கையில் சிடியைக் கொடுத்தேன்.

"இதுல ஒன் அப்பா இருக்காவ" என்றேன் அவளிடம்.

சின்னவள், வளையல் போட வந்த அத்தையின் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். மருமகன் சிடியை அவர்கள் வீட்டுப் பெட்டியில் தள்ளினார். உள்ளே கிர் கிர் என்று சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது.

"அத்தே, சிடியே இல்லன்னு காட்டுது."

"வெறும் சிடியக் கொண்டாந்துட்டியளோ?" என்றார் சம்பந்தியம்மா. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூடினேனே, வலது ஓரப் பொத்தான்தானே?

மருமகன் சிடியை வெளியே எடுத்துத் திருப்பினார். "என்னத்தே இது, பொட்டு?"

"பூசைக்கு வச்சேன். மூஞ்சிக்குத்தான் வச்சேன்."

"அத்தே, பெட்டி படிக்கிற பக்கமே அதான்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் சட்டை நுனியால் துடைக்கப் போனார். "தொடாதிய மாப்ள!" என்று நான் கத்திய கத்தலில் சிரிப்பு நின்றுவிட்டது. பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சின்னவள் வளையல் குலுங்கப் பின்னாலேயே வந்தாள்.

"போச்சாம்மா?"

"போவாது."

"கேசட்டு இருக்குல்லா?"

"அறுந்துட்டு."

அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். நான் குழாயை மெல்லத் திறந்தேன். ஐயா சிடி துடைப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். நனைத்து ஊறவிட வேண்டும், பழைய வேட்டித் துணி வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. காய்ந்த சந்தனம் ஊறிக் கரைந்தது. குங்குமத்தின் பொடி கோடு கிழிக்காமல் இருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சை அடக்கினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். துடைத்ததும் ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினேன். "பாத்தியா, இந்த நிறம் முடியுது பாரு, அதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்து எல்லாம் ஒனக்கு."

கூடத்துப் பெட்டியில் மறுபடி போட்டபோது, இந்தத் தடவை சிடி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இருமல். அவர் இருமல். முதல் ஐந்தாறு வார்த்தை துள்ளித் துள்ளிப் போனது. சிடி நடுவிலிருந்துதான் எழுதும், நான் பொட்டு வைத்ததும் அங்கேதான். அவர் என்னைக் கூப்பிடுகிற இடம் அது. இன்றைக்கும் அங்கே துள்ளும். என்னால் வந்தது, நான் வைத்துக்கொள்கிறேன். எனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே.

கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் போடச் சொன்னேன். அங்கே ஒரு கீறல் இல்லை.

"ஏ சின்னவளே, நீ அழுதது வந்து சேந்துச்சு. நான் மட்டும் கேக்கல, ரூம்ல எட்டுப் பேரும் வேல முடிஞ்சு வந்து ஒக்காந்து கேட்டோம். ஒரு மலையாளத்தாரு ரெண்டாவது வாட்டி போடச் சொன்னாரு. நல்ல தொண்டைட்டி ஒனக்கு. அடக்காத, நல்லா அழு. அப்பா வந்து நேர்ல ஒரு வாட்டி கேக்கேன்."

சின்னவள் முதலில் சிரித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். பிறந்த அன்றைக்கு அழுத அதே தொண்டை. "மாசமா இருக்கறவ இப்படி அழப்படாது" என்று சம்பந்தியம்மா எழுந்து வந்தார்.

"அழட்டும், விடுங்க. கேக்கறவரு வந்திருக்காரு" என்றேன்.

சம்பந்தியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மூன்று தடவை போட்டோம். போடும்போதெல்லாம் ஓடவும் நிறுத்தவும் என்னைத்தான் கேட்டார்கள். வளையல் வரிசையில் இல்லாத இடம் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைத்தது.

வந்த வாரமே மருமகன் வீட்டுப் பெட்டியை இரவல் வாங்கி அதில் அந்தச் சிடியை ஓடவிட்டு, என் பெட்டியில் பிரதி எடுத்து மூன்று பெண்களுக்கும் கொடுத்தேன். அப்புறம் எங்கள் சந்தில் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கேசட் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரவர் கேசட்டை அவரவர் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கட்டும் என்று நான் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஐயா தந்த சிடிக் கட்டு தீர்ந்துவிட்டது, அந்த மாதிரி சிடி இப்போது கடைகளில் இல்லை. பெட்டி இன்னும் ஓடுகிறது. ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு உண்டு, நெற்றியில் மட்டும். வெளிச்சம் எப்படி ஒரு மனுஷன் இருமலை எழுதுகிறது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. யார் விளக்கினாலும் தலையாட்டிவிட்டு, பிறகு போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

வளைகாப்பன்று வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது பதினேழு வயது. லீவுக்கு வந்து என் பக்கத்தில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போனை வை கண்ணு. உன் தாத்தா பேசினபோது நீயும் உள்ளே இருந்து கேட்டவள்தான். இதை எனக்கு முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டு. எழுத்து நின்றால் நிற்கட்டும், எனக்கு அவசரம் இல்லை. அவர் பேசுகிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.