கேட்காமல் எடுத்த படம்

வெரோனிகாவுக்கு அறுபத்தொன்பது வயது. கிறிஸ்துமஸ் வந்தால் பாதித் தெருவுக்கு அவர்தான் கேக் செய்து கொடுப்பார். மற்ற நாட்களிலும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவரைத்தான் கதிர்காமம் பேருந்து நிறுத்தத்தில் அநாதையாக்கி நிறுத்தியிருந்தார்கள்.

ஆளுயர ஃபிளெக்ஸ். தலையில் முக்காடு, முகமெல்லாம் சுருக்கம், ஏந்திய இரு கைகள். கீழே, "பெற்ற பிள்ளை கைவிட்டான். நீங்களுமா?" ஏதோ ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம். மாதா கோயில் திருவிழாப் பூசையில் அவர் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கக் கை நீட்டியபோது எடுத்த படம் அது. எதிரே நின்ற சாமியாரைப் படத்திலிருந்து வெட்டியெடுத்துவிட்டால், நன்மை வாங்கும் கை பிச்சை வாங்கும் கையாகிவிடுகிறது.

அவருக்கு வந்த கோபம் தனக்காக அல்ல, மகன் கிளாட்வினுக்காக. கூட வேலை செய்கிறவர்கள், "அம்மாவ வெளிய தள்ளிட்டியாமே?" என்று அவனிடம் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை, இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

மூன்றாம் நாள் காலை ஆட்டோ பிடித்து அந்த இல்லத்துக்கே போய்விட்டார். படம் எடுத்த இல்லத்து ஊழியன் பிரேம்குமார் அங்கேதான் இருந்தான். ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்கே கழட்டிடறேன்."

"உங்க இல்லத்துல இருக்கறவங்க படத்த ஏன் போடல?"

"கேட்டுப் பாத்தேம்மா. யாரும் மூஞ்சிய காட்ட ஒத்துக்கல."

"அவங்கள கேட்டியே தம்பி, என்னை ஏன் கேக்கல?"

"உங்கள பாத்தா யாரும் இல்லாதவங்க மாதிரி..." என்று இழுத்தான்.

"வயசாயிட்டா யாரும் இருக்க மாட்டாங்களா?"

கழற்றினால் மட்டும் போதாது என்று வெரோனிகா ஒற்றைக்காலில் நின்றார். ஊரறியப் போட்ட பழியை ஊரறியத்தானே துடைக்க வேண்டும்? அங்கேயே வேறு படம் எடுக்கச் சொன்னார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா. சுருக்கத்தையெல்லாம் அழிச்சு அழகாக்கிடறேன்."

"ஒண்ணும் வேணாம். இதான் என் மூஞ்சி."

அடுத்த வாரம் அதே இடத்தில், அதே அளவில் புது ஃபிளெக்ஸ் ஏறியது. கோபம் தணியாத முகத்தோடு வெரோனிகா. கீழே அவர் சொல்லி எழுதவைத்த வரிகள்: "என் பெயர் வெரோனிகா. கேக் செய்கிறேன். என் மகன் என்னைக் கைவிடவில்லை. இவர்கள் என்னைக் கேட்காமல் படம் போட்டார்கள்."

அன்று சாயங்காலம் கிளாட்வின் வண்டியை அங்கே ஓரங்கட்டினான். பேருந்துக்குக் காத்திருந்த முன்பின் தெரியாதவர்களிடம் படத்தைக் காட்டிச் சொன்னான்: "எங்கம்மா."