டீசல் இருக்கிற வரைக்கும்

அந்தத் தீவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஸ் கம்பெனி அக்கா என்றால்தான் தெரியும். படகுத்துறையை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கட்டடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். தகர கேன்களில் தண்ணீர் பிடிப்பாள். உறைந்த ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுப்பாள். கட்டையால் உடைத்துக் கூடையில் அள்ளிக் கொடுப்பாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே விரல் விறைத்துப்போகும். "குளிர்காலமும் கோடைகாலமும் எனக்கு ஒரே நாள்ல வந்துடும், சம்பளம் மட்டும் மாசத்துக்கு ஒரு தடவைதான்" என்று சிரிப்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஐஸ் குறைகிறது என்று எந்தப் படகுக்காரனாவது முணுமுணுத்தால், "வேணும்னா என்னையும் உடைச்சுக் கூடையில போடட்டுமா?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிப் போய்விடுவான்.

புருஷன் ஆட்டோ ஓட்டினார். அரைப் பொழுதில் சுற்றி முடிக்கிற ஊரில் ஆட்டோவுக்கு என்ன ஓட்டம் இருக்கும்? ஓட்டியதைவிட நிழலில் நிறுத்தித் தூங்கியதுதான் அதிகம். ஒரே மகள், பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள்.

அந்த வருஷம் வெயில் ஆளைத் தின்றது. காற்று என்பதே இல்லை. சுவரில் கை வைத்தால் சுட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம் தெற்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கறுத்தது. துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகளை எல்லாம் கரைக்கு இழுத்துக் கட்டினார்கள். பக்கத்துத் தீவிலிருந்து வரவேண்டிய பயணிகள் லாஞ்சு மட்டும், புயலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பியிருந்தது.

புயல் வந்தபோது அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் முதலில் போனது. ஷீட்டுகள் சீட்டுக்கட்டுபோல ஒவ்வொன்றாகப் பறந்தன. புருஷன் முன்னால் நடக்க, மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் பற்றி அவள் ஐஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். அந்தத் தெருவில் கான்கிரீட் கூரை உள்ள கட்டடம் அது ஒன்றுதான். முதலாளி தன் மனைவியோடு மாடியில் இருந்தார். "சாக்கு ரூம்ல படுத்துக்குங்க. இது உங்க இடம் மாதிரி" என்று பெரிய மனதோடு சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

லாஞ்சு துறைமுக வாயில்வரைக்கும் வந்து, அங்கேயே கவிழ்ந்தது. கரையில் நின்றவர்களுக்கு விளக்கு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கயிறு வீசக்கூட யாராலும் நிற்க முடியவில்லை. விடிந்ததும் கடல் ஒவ்வொருவராகத் திருப்பித் தந்தது.

அவ்வளவு பேரை வைக்க அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இடம் ஏது? கரண்ட் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. இன்ஸ்பெக்டரும் டாக்டரும் நேராக ஐஸ் கம்பெனிக்கு வந்தார்கள். முதலாளி தயங்கினார். பிறகு லாஞ்சில் வந்த தன் மச்சானும் செத்துப்போனான் என்று தெரிந்ததும் கதவைத் திறந்துவிட்டார். "ஜெனரேட்டர்ல டீசல் இருக்கிற வரைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வேலைக்காரர்களில் வந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் மரத்தூளைக் கொட்டி, மேலே ஐஸைப் பரப்பி, ஒவ்வொருவராகக் கிடத்தி, தார்ப்பாய் போட்டு மூடினாள். முதல் ஆளைத் தொடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது. பழகிப்போனதே என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

புயல் போன மறுநாளே வெயில் திரும்பி வந்தது. மரங்களில் இலை இல்லை, ஊரில் நிழல் இல்லை. தகரமும் கண்ணாடியும் கிடந்த தெருக்களில் சூடு அடுப்பு வாய்போல வீசியது. கடல் மட்டும் இறங்கவில்லை. பனை உயரத்துக்கு அலை எழுந்து விழுந்தது. ஒரு படகும் வரவில்லை, ஒரு படகும் போகவில்லை. அதனால் டீசல் வரவில்லை, இறந்தவர்களின் சொந்தக்காரர்களும் வரவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்களை அடையாளம் கண்டு எடுத்துப் போனார்கள். மிஞ்சியதெல்லாம் வெளித்தீவு ஆட்கள்.

அதில் ஒரு பையன். இருபது வயது இருக்கும். இரண்டு முன்னங்கைகளிலும் வரிவரியாகப் பழைய சூட்டுத் தழும்பு. அடுப்புக்குள் கைவிட்டு வேலை செய்கிற பையன், பேக்கரியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ எழுப்பினால் எழுந்துவிடுவான்போலக் கிடந்தான்.

டீசல் குறையக் குறைய முதலாளி கணக்காகப் பேசத் தொடங்கினார். மச்சானை மட்டும் உள்ளே இருந்த குளிர் அறைக்கு மாற்றச் சொன்னார். அவன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து முகம் பார்க்கவேண்டுமாம். புதிதாக உறைகிற பார் எல்லாம் அந்த அறைக்கே போயிற்று. வெளியே கிடந்தவர்களின் அடியில் மரத்தூள் கூழாகிக்கொண்டிருந்தது.

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், அவள் குளிர் அறையிலிருந்து இரண்டு பாரைக் கொக்கியால் இழுத்துவந்து அந்தப் பையனைச் சுற்றி உடைத்துப் போட்டாள். பாதி உடைக்கும்போதே முதலாளி வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"இந்தப் பையனுக்கு அடியில ஐஸே இல்ல முதலாளி. உள்ள நாலு நாளைக்குத் தாங்குற அளவுக்குக் கிடக்குது. அலை அடங்கினா இவன் வீட்டுலேர்ந்தும் யாராவது வருவாங்கல்ல?"

"இவன் உன் தம்பியா?"

அவள் உடைத்த ஐஸைப் பையனின் தலைமாட்டில் தள்ளினாள்.

"உன் பொண்ணு எங்க படுத்திருக்கான்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அவர். குரலை உயர்த்தக்கூட இல்லை. அறைச் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாக்கு ரூமில் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவது அங்கே நின்றாலே கேட்டது. வெளியே போனால் வானமும் இடிந்த சுவரும்தான். ஊரையே எதிர்த்துப் பேசுகிற அந்த வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் நாற்றம் தெருவரைக்கும் போயிற்று. இன்ஸ்பெக்டர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து, மிஞ்சியவர்களை அன்றைக்கே புதைக்கச் சொன்னார். இடுகாட்டில் ஒரே நீளப் பள்ளம். தூக்க ஆள் பற்றவில்லை என்று அவளும் போனாள். நாற்றமும் வெயிலும் அவசரமுமாக, எவரை எந்தப் பக்கம் கிடத்தினார்கள் என்று தூக்கியவர்களுக்கே தெரியவில்லை. மேலே மண் விழுந்ததும் எல்லாம் சமமாகிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் காலையில் கடல் அடங்கியது. முதல் படகிலேயே அவன் அம்மா வந்தாள்.

சேலையெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. வாசலில் நின்று, "அக்கா, என் புள்ள பேக்கரில வேலை பாக்கறான். கையெல்லாம் சூடு பட்டிருக்கும். இங்க இருக்கான்னு துறைமுகத்துல சொன்னாங்க" என்றாள். செத்தவனைத் தேடுகிற பேச்சாக இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள்போலப் பேசினாள்.

ஐஸ் கம்பெனி அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நேத்துத்தான் அடக்கம் பண்ணாங்கம்மா" என்றாள்.

"நேத்தா?"

"ஐஸ் தீந்துபோச்சும்மா. டீசலும் இல்ல. நாங்க என்ன பண்ண முடியும்?"

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியின் மனைவி தன் தம்பியைப் பார்க்கக் குளிர் அறைக் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகையாகக் குளிர் தரையில் தவழ்ந்து வந்து, வாசலில் நின்றவளின் ஈரக் காலைத் தொட்டது. அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அந்தக் கதவுக்குள் பார்த்தாள். உள்ளே சுவர்போல அடுக்கிய பார்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆள்.

"தீந்துபோச்சுன்னீங்களே அக்கா" என்றாள்.

திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இவள் பிறகு பல தடவை நினைத்திருக்கிறாள்.

இடுகாட்டுக்கு அந்த அம்மாவை இவளே கூட்டிப்போனாள். பள்ளத்தின்மேல் மண் வெயிலில் வெடித்துக் காய்ந்திருந்தது. "இதுல என் புள்ள எங்க இருக்கான்?" என்று அம்மா கேட்டாள். தெரியாது என்று சொல்ல இவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாக நீண்டு ஓர் ஓரத்தைக் காட்டியது.

"இங்கதாம்மா. நான்தான் கிடத்தினேன்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அம்மா அந்த இடத்தில் மண்ணோடு முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். படகு சங்கு ஊதுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

முதலாளியின் மச்சானை ஊரே திரண்டு அடக்கம் செய்தது. பிறகு கம்பெனிக்கு வெள்ளையடித்தார்கள். தொட்டிகளைக் கழுவினார்கள். ஆனால் படகுக்காரர்களும் ஜூஸ் கடைக்காரர்களும் ஐஸ் வாங்கத் தயங்கினார்கள். பொண ஐஸ் என்று பேச்சு கிளம்பியிருந்தது. முதலாளி நிதானமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பொணத்தைத் தொட்ட பொம்பளையை நிறுத்தியாச்சு, இனிமேல் எல்லாம் சுத்தம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வியாபாரம் பழையபடி நடந்தது. "என்னையும் உடைச்சுப் போடட்டுமா" என்று அவள் கேட்டபோதெல்லாம் சிரித்தவர்கள், இப்போது எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த சம்பந்தியம்மா, "குழந்தையை நானே தூக்கிக்கறேன் சம்பந்தி, நீங்க சிரமப்படாதீங்க" என்று வெகு மரியாதையாகச் சொன்னாள். மகளும் தடுத்துப் பேசவில்லை. ஐஸ் கம்பெனி அக்கா லாட்ஜில் துணி துவைக்கிற வேலைக்குப் போனாள். அங்கே யாரும் அவள் கை எதைத் தொட்டது என்று கேட்கவில்லை, துணி வெளுத்தால் போதும்.

அடுத்த வருஷம், காற்று மாறுவதற்கு முன்னால், அந்த அம்மா மறுபடி வந்தாள். ஒரு சின்ன சிமெண்ட் கல் கொண்டுவந்திருந்தாள். மகன் பெயர் அதில் இருந்தது. தனியாகத் தூக்க முடியாமல் லாட்ஜ் வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு கை பிடிக்கறீங்களா?" என்றாள். இரண்டு பேருமாகத் தூக்கிப்போய், போன வருஷம் இவள் காட்டிய ஓரத்தில் குழி தோண்டி நட்டார்கள். "நீங்க ஒருத்தராவது பாத்து வச்சிருந்தீங்களே" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை இவள் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். அவர் ஆறுதலாகத்தான் பேசினார்.

"எந்த ஓரமா இருந்தா என்ன? எல்லாம் ஒரே மண்ணுதானே, விடு."

"நம்ம பொண்ணா இருந்தாலும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்று அவள் கத்தினாள்.

அவர் எழுந்து, ஆட்டோவைத் துடைக்கப் போனார்.