குந்தலா பிடுங்கிய ஒயர்

நடபர் ஜேனாவுக்கு வாய் நீளம். பாரிபதா ரோட்டில் என் டீக்கடைக்கு அடுத்த கடையில் டிவி ரிப்பேர் பார்க்கிறான். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் வடமேற்கே கறுத்துக்கொண்டு இடி இறங்கும். மறுநாள் காலையில் கருகிய டிவிகளோடு அவன் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஆளுக்கொரு வசவு விழும்.

"மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் டிஷ் ஒயரையும் பிடுங்கிப் போடுன்னு எத்தனை தடவ சொல்றது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?"

தங்கை குந்தலாவையும் அவன் விடவில்லை. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாக டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதான் கடைசி, பாயி. கோவிச்சுக்காதே." அண்ணனை எங்கள் பக்கத்தில் பாயி என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னொரு தடவ எரிஞ்சு வந்துச்சுன்னா கையால தொடமாட்டேன். தங்கச்சியாவது ஒண்ணாவது."

அவள் சிரித்துவிட்டு, என் கடையில் டீ குடித்துப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம். முற்றத்தில் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, முதல் இடி இடித்த பிறகுதான் டிவி ஞாபகம் வந்திருக்கிறது. "ஐயோ, பாயி கொன்னுடுவான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாளாம். பிளக்கைப் பிடுங்கினாள். டிஷ் ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தபோது கூரைமேல் இருந்த டிஷ்ஷில் மின்னல் இறங்கியது.

சேதி கேட்டு என் வண்டியில் இருவரும் பறந்தோம். கொல்லையில் குழி வெட்டி, அவளைக் கழுத்துவரை மாட்டுச் சாணத்தில் புதைத்திருந்தார்கள். இடி பட்டவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் வைத்தியம்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றான் நடபர்.

"உடம்புல ஏறின நெருப்பச் சாணம்தான் இழுக்கும். ஒரு மணி நேரம் பொறுப்பா" என்றார் அவள் மாமனார்.

கரண்ட் அப்படி உடம்பில் தங்காது என்று அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கரண்டோடு புழங்குகிறவன். ஆனாலும் தங்கையின் இமை அசைந்த மாதிரி அவனுக்குத் தோன்றியது. கூடையை எடுத்து அவனே சாணம் அள்ளிக் கொட்டினான். நானும் கொட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் தூக்கிப்போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "விழுந்த உடனே நெஞ்ச அழுத்தி மூச்சு குடுத்துக்கிட்டே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்கலாம். இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

காரியமெல்லாம் முடிந்த பிறகு, குந்தலாவின் புருஷன் அந்த டிவியைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தான். நடபர் பிளக்கைச் செருகினான். படம் பளிச்சென்று வந்தது. ஒரு பழுதும் இல்லை. அன்றைக்கு முழுக்க அவன் வேறு வேலை பார்க்கவில்லை.

இப்போது அவன் யாரையும் திட்டுவதில்லை. போன வாரம் ஒரு பெண் கருகிய டிவியோடு பயந்து பயந்து வந்து, "அதுக்குள்ள இடி ஆரம்பிச்சிடுச்சு பாயி, பிடுங்க முடியல" என்றாள்.

"நல்ல காரியம் பண்ணே" என்றான் நடபர். "இடி கேட்டுட்டா அது கிட்டவே போகாதே. எரிஞ்சா எரியட்டும். எங்கிட்ட கொண்டா, எத்தனை தடவையானாலும் பாத்துத் தர்றேன்."