குறுக்கெழுத்தை அழித்தவன்

வாரப் பத்திரிகையை வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டவனுக்குத்தான் தெரியும், ஒரு புத்தகத்தை ஆறு வீடு படித்தால் ஆறு வீட்டுக் குழம்பும் அதில் ஒட்டியிருக்கும். நீங்களும் அப்படி சைக்கிள் மிதித்தவரா? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அடை

மயிலாப்பூரில் எங்கள் வாடகைப் புத்தகக் கடை. ஒரு வீட்டில் இரண்டு நாள், பிறகு அடுத்த வீடு. ஒரு வாரம் மந்தைவெளியில் யாரோ அடை செய்முறையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்பக்கத்தில்தான் தொடர்கதையில் கல்யாணம் நின்றுபோகும் இடம். அடுத்த வீட்டு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். நான்தான் கல்யாணத்தை நிறுத்தினேன் என்பதுபோல அப்படி ஒரு திட்டு.

கடை முதலாளி சிந்தாதிரிப்பேட்டைக்காரர். முறையிட்டேன். சிரித்தார். "இன்னா நைனா, அவங்க அடை சுட்டாங்க, நீ வாங்கிக் கட்டிக்கினியா?"

வாசலில் வேண்டாம்

மாடவீதி கோமதி மாமி வீட்டில்தான் புத்தகம் முதலில் இறங்கும். அடையாறில் லலிதா மாமி சந்தா சேர்ந்தபோது, "கோமதி படிச்சப்புறம் எனக்குக் கொண்டு வா. அவ என் அக்காதான்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே கோமதி மாமியிடம், உங்க தங்கச்சி வீட்டுக்கும் நான்தான் போடுறேன் என்று உளறினேன்.

மாமியின் முகம் மாறிவிட்டது. அம்மாவின் வீட்டை விற்றதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷமாம். "அவ பேரை இந்த வாசல்ல எடுக்காதே" என்றார். ஆனால் புத்தகத்தை வேறு வழியில் அனுப்பச் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ரப்பர்

லலிதா மாமிக்கு அடுத்த வீடு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். குறுக்கெழுத்து இல்லாமல் அவருக்குக் காபி இறங்காது. புத்தகம் அவரிடம் போகும்போது கட்டங்கள் பென்சிலால் நிரம்பியிருக்கும். இடமிருந்து வலம் ஒரு கையெழுத்து, மேலிருந்து கீழ் இன்னொரு கையெழுத்து. எனக்கு அது வெறும் கிறுக்கல். "எல்லாத்தையும் நிரப்பிட்டா எனக்கு என்னய்யா மிச்சம்?" என்று அதிகாரி கத்தினார்.

முதலாளி ஒரு ரப்பர் கொடுத்தார். அதிகாரி வீட்டு மதிலோரம் சைக்கிளை நிறுத்தி, வாராவாரம் சுத்தமாக அழித்துக் கொடுத்தேன். நல்ல வேலை செய்கிறேன் என்று பெருமை வேறு. அதிகாரி தன் பேனாவால் நிரப்பிவிட்டு முதல் தடவையாகச் சொன்னார்: "பொறுப்பான ஆளுய்யா நீ."

பழைய இதழ்

புதிர் விடை அடுத்த வாரம்தான் வரும். அதனால் கோமதி மாமி ஒவ்வொரு செவ்வாயும் சுற்றி முடிந்த பழைய இதழைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். ரப்பர் வந்த பிறகு பார்க்கும் நேரம் நீண்டது. ஐந்தாவது வாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனா மையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"நங்கநல்லூர்ல பையனோட இருக்கப் போறேன். புஸ்தகத்தை நிறுத்திடு" என்றார். ஏன் மாமி என்று கேட்டேன். "அவளுக்கு இன்னும் கோபம் தீரலை. எத்தனை நாள் நான் மட்டும் பாதி பாதியா எழுதிண்டு இருக்கறது?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. யாரைச் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

வியாழக்கிழமை

லலிதா மாமி வாசலிலேயே புத்தகத்தைப் பிரித்தார். கட்டங்கள் காலி. "அக்கா இந்த வாரம் எழுதலையா? இடமிருந்து வலம் அவளோடது, மேலிருந்து கீழ் என்னோடது. சின்ன வயசிலேர்ந்து அப்படித்தான்."

ரப்பர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். நங்கநல்லூர் எத்தனை தூரம்? வேலை போய்விடுமோ என்ற பயத்தில், அக்கா வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமி வெற்றுக் கட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"போன வாரம்கூட அவ எழுதினதுக்கு நான் பதில் எழுதி அனுப்பினேனே? எங்கிட்ட சொல்லாம போவாளா?"

இப்போது எல்லோரும் செல்போனில் படிக்கிறார்கள். அதில் பென்சில் ஓடாது என்பது ஒரு குறைதான், ஆனால் என்னைப் போன்ற பொறுப்பான ஆள் கையில் அது சிக்காது.