பதினொரு கண்ணாடியும் கோதுமை மாப் பசையும்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பல்லிடுக்கில் மணல் நறநறக்கும். உதட்டை நாக்கால் தொட்டால் கரிக்கும். இரவும் பகலும் தகரக்கூரை படபடத்துக்கொண்டே இருப்பதால் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார மனம் வராது. எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம், காற்றைவிடப் பெரிய ஒரு கலக்கமும் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. உம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப்போகிறாள் என்ற கதைதான் அது.

அதற்கு முந்தைய வருடம்தான் வாப்பா கட்டாரிலிருந்து திரும்பி வந்திருந்தார். அங்கே உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவர் வேலை. கம்பனி மூடியதும், ரப்பர் விளிம்பு வைத்த ஒரு துடைப்பானைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். "வைப்பர்" என்பார் அதை. எங்கள் கடற்கரையில் அப்போதுதான் வெள்ளைக்காரர் தங்கும் "லொட்ஜ்"கள் ஒவ்வொன்றாக எழும்பின. எல்லாம் கடலைப் பார்த்த பெரிய பெரிய கண்ணாடிகள். காலையில் துடைத்தால் மாலையில் உப்புப் படிந்து மங்கிவிடும். இந்த ஊரில் தனக்கு வேலை இருக்கிறது என்று வாப்பாவுக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. புத்தளம் டவுனுக்குப் போய் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். வாப்பாவின் பெயர், போன் நம்பர், "உங்கள் ஜன்னல் கண்ணாடிகள் மங்கிவிட்டனவா?" என்ற கேள்வி, அதற்கு மேலே அச்சகத்தார் தம் விருப்பத்துக்குப் போட்ட முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் படம்.

"வேல வந்தா நீ போகத் தேவல்ல தானே?" என்று வாப்பா உம்மாவிடம் கேட்டதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன்.

"வரட்டும், பாப்பம். பெருநாள் முடியட்டும்" என்றாள் உம்மா.

அது போதும் எனக்கு. பெருநாளைக்கு முன் ஒரே ஒரு லொட்ஜ் கூப்பிட்டால் உம்மா போகமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் ஊரில் எந்த நோட்டீஸாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் கேட்டில் நின்று கொடுப்பதுதான் வழக்கம். நாங்களும் அப்படியே செய்தோம். கண்ணாடி ஜன்னல் உள்ள வீடு ஊரில் எத்தனை இருக்கிறது என்று வாப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மீன்வாடி வைத்திருந்த ஒரு மாமா நோட்டீஸைத் தூரப் பிடித்து வாசித்தார்.

"டேய் மகன், எங்கட ஊட்டு ஜன்னல்ல பெட்ஷீட்டு தான் தொங்குது. அதக் கழுவித் தருவாராமா உன்ட வாப்பா?"

"கழுவித் தருவாரு மாமா, முதல்ல நீங்க ஊட்டுல கேட்டுட்டு வாங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். ஆனால் போன் அடிக்கவில்லை. லொட்ஜ்களுக்குக் கொண்டுபோன நோட்டீஸ்களை வாசலில் காவல் நின்ற வோச்சர்மார் வாங்கி வெற்றிலை மடித்தார்கள். மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. வாப்பா சிக்னல் தேடி வேலியோரமாகவே நடந்துகொண்டிருப்பார். பெருநாள் நெருங்க நெருங்க நான் விரலை மடித்து நாள் எண்ணினேன்.

தேர்தல் காலத்தில் கோதுமை மாவைக் காய்ச்சிப் போஸ்டர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். லொட்ஜ் முதலாளி எங்கே பார்ப்பார்? கடலைப் பார்ப்பார். கண்ணாடி வழியாகத்தானே பார்ப்பார்? இதுதான் என் கணக்கு. ஒரு நாள் விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும், பசையை ஒரு டின்னில் எடுத்துக்கொண்டு போய், அப்போது ஆள் தங்காமல் இருந்த ஒரு லொட்ஜின் பதினொரு கண்ணாடியிலும் நடுவில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டு வந்தேன். வெயில் ஏறப் பசை காய்ந்தது. அதன் மேல் மணலும் உப்பும் வந்து அப்பிக்கொண்டன.

பத்து மணிக்குப் போன் அடித்தது. வாப்பா பாய்ந்து எடுத்த வேகத்தில் உட்கார்ந்திருந்த கதிரை சரிந்து விழுந்தது. "ஓம் சேர், ஓம் சேர்" என்று சிரித்த முகத்தோடு தொடங்கியவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

நாங்கள் போனபோது லொட்ஜின் மனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, நல்ல பிஸ்னஸ் தானே இது? நீங்களே ஊத்தையாக்குறது, பிறகு நீங்களே கழுவ வாறது!"

"என்ட மகன் செஞ்ச பிழை, சேர். கழுவித் தாரன்" என்றார் வாப்பா.

அவர் தண்ணீருக்குப் போன நேரத்தில், எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று நான் காய்ந்த துணியால் ஒரு கண்ணாடியை அழுத்தித் தேய்த்தேன். வாப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். "நனைக்காமத் தேய்க்காத மகன், மண்ணு கீறிப்போடும்." அதற்குள் கீறிவிட்டது. வெயிலுக்கு எதிரே பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. மனேஜர் அதையும் பார்த்தார்.

அந்தக் கதை ஒவ்வொரு லொட்ஜாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. பெருநாள் முடிந்து எட்டாம் நாள் உம்மா போனாள். வேன் புறப்படும்போது, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த என் தங்கச்சியைக் காட்டி, "தங்கச்சிய அடிக்காத" என்று மட்டும் சொன்னாள். நாலு மாதம் கழித்து வேறொரு லொட்ஜிலிருந்து உண்மையான வேலை வந்தது, பிறகு இன்னொன்று. வாப்பா ஓய்வில்லாமல் துடைத்தார். உம்மா இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்த அன்று தங்கச்சி என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது ஆரு?" என்று கேட்டாள். என் பிழையால் வந்த வினை என்று அதையும் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் என் மூத்த மகள் உம்மாவின் மடியில் உட்கார்ந்து, "நீங்க ஏன் வெளிநாட்டுக்குப் போன?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "உன்ட வாப்பா பசை ஒட்டினதால" என்றேன். சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்தேன், சிரிப்பாக வரவில்லை.

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன மகன் கதைக்கிறாய்? நோட்டீஸ் அடிக்க முந்தியே எனக்கு டிக்கட் வந்திட்டு."

"அப்ப, வேல வந்தா பாப்பம் எண்டு செல்லினீங்களே?"

"உன்ட வாப்பா வந்த நாள் தொடக்கம் சுவரப் பாத்திட்டே இருந்தாரு. நான் போகக்குள்ள மனுசன் எழும்பி நடந்து திரியணும். இல்லாட்டி உங்க ரெண்டு பேரையும் ஆரு பாக்குற? அதுக்குத்தான் அப்பிடிச் செல்லின."

இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் மனதில் இப்படி ஏதாவது கிடந்தால் வாய் திறந்து கேட்டுவிடுங்கள். என்னைப்போலச் சுமந்துகொண்டு திரியாதீர்கள். இப்போது யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. அந்த லொட்ஜையும் இடித்து வேறு கட்டிவிட்டார்கள். என் பாரமும் அன்றே இறங்கிவிட்டது. ஆனால் அதோடு இன்னொன்றும் போனதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பிழையால்தான் உம்மா போனாள் என்று நம்பியிருந்த வரைக்கும், பிழை செய்யாதிருந்தால் அவளை நிறுத்தியிருப்பேன் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.