அட்டையில் இருந்த விலை

அன்று தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் அப்பா இருந்தார். அம்மா இருந்தார். பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மாடு வாங்க வந்த பாய் இன்னொன்றில். பாயின் லோரி ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்காமல் சன்னலில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான். கொய்யா மரத்தில் கட்டியிருந்த எங்கள் காளை.

எனக்கு ஒன்பது வயது. லயத்தை இடிக்கப் போவதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு மலிவு வீடு அமைந்தது. முன்பணம் மூவாயிரம் வெள்ளி. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு. விற்பதற்கு எங்களிடம் காளை ஒன்றுதான் இருந்தது.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பேச்சில்கூட வராது. மாட்டை விற்றால், "கம்பத்துல வளக்கக் கொண்டு போறாங்க" என்பார்கள்; கம்பம் என்றால் மலாய்க் கிராமம். லயத்தில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். நானும் நம்பினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அம்மா எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார். அவர் கீரைக் கடையில் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார். "கடைசிக் கடையில அட்டை தொங்கும். என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு ஓடியா."

அது மாட்டிறைச்சிக் கடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். கடைக்கார மலாய் அண்ணன் என்னைக் கண்டாலே சிரிப்பார். திரும்பி வந்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "ஏறிச்சா, எறங்கிச்சா?"

ரொம்ப நாள் கிலோ இருபத்திரண்டு வெள்ளியிலேயே நின்றது. விற்றுவிடலாமே என்று அப்பா நச்சரித்தார். "இருங்க, இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று அம்மா தள்ளிப்போட்டார். நோன்பு மாதம் நெருங்கியது. அன்று காலை அட்டையில் இருபத்து நான்கு. பாயை வரச் சொன்னார்கள்.

பாய் காளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "அண்ணே, இப்ப வெலை எறங்கிப் போச்சு லா. யார்கிட்டயும் டுயிட் இல்ல, காசே இல்ல. ரெண்டாயிரத்து ஐந்நூறு தரேன்."

அப்பா கழுத்தைச் சொறிந்தார். சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது.

'எறங்கிப் போச்சு' என்று காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "எறங்கல மாமா. ஏறிருக்கு. போன வாரம் இருபத்திரண்டு, இன்னிக்கு இருபத்து நாலு. அட்டையில போட்டிருக்கே."

லோரிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "முதலாளி, ஆப்பீசர வச்சிருக்காங்க லா இங்க."

"வெலைய எங்க பாப்பாகிட்ட போன்லயே கேட்டிருக்கலாம் பாய், எண்ணெய்க் காசு மிச்சம்" என்றார் பெரியப்பா.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எந்த அட்டை?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நாந்தான் பாக்கச் சொன்னேன்" என்றார் அம்மா.

அப்பா எழுந்துபோய்க் காளையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பேரம் அம்மாவுக்கும் பாய்க்கும்தான்.

"மூவாயிரம் குடுங்க பாய். வீட்டுக்குக் கட்டணும்."

"என் தோலயே உரிச்சிருவீங்க போல தங்கச்சி" என்று ஆரம்பித்தவர், காளையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அதற்கு மேல் ஏறமாட்டேன் என்றார். நூறு வெள்ளி குறைந்தது. அம்மா பணத்தை வாங்கிக்கொண்டார்.

காளையை லோரியில் ஏற்றினார்கள். நான் பாயிடம் போனேன். "எந்தக் கம்பம் மாமா? லீவுல வந்து பாக்கலாமா?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "செகிஞ்சான் பக்கம்மா. வயலோரம். புல்லு நெறைய."

எனக்குச் சந்தோஷம். காளைக்குக் கை காட்டினேன்.

வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு நூறு வெள்ளித் தாள்களை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஏன் கொடுத்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. அட்டையில் இருந்ததும் எங்கள் காளையும் ஒன்றுதான் என்றும் தெரியாது.

அந்த மலிவு வீட்டில்தான் இப்போது என் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

அன்று லோரி போனதும் அம்மா பணத்தை எண்ணினார். மூவாயிரத்து நூறு.