பொசத்துக்கு நான் செய்த புண்ணியம்

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு தளிரையும் பொசம் மிச்சம் வைக்கவில்லை. வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும், பூனை அளவு விலங்கு அது.

கொல்ல மனம் வரவில்லை. ஊரில் எலியைப் பிடித்து அடுத்த தெருவில் விடுவதுபோல், போன மாதம் கூண்டில் பிடித்து, அரை மணி நேரம் கார் ஓட்டிப் போய்க் காட்டில் விட்டேன்.

இன்று, நான் இப்போது வாழும் டூங்கபியின் தமிழ்க் கடையில் அதைப் பெருமையாகச் சொன்னேன். மிருக வைத்தியரிடம் வேலை செய்யும் அன்ரி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"தன்ர இடத்தை விட்டா அது தப்பாது, தம்பி. அங்க இருக்கிற பொசங்கள் கிட்ட அண்ட விடாதுகள். பைக்குள்ள குட்டி இருந்ததோ?"

"பாக்கேல்லை, அன்ரி."

அவர் தன் சாமான்களுக்குக் காசு கொடுக்கத் திரும்பினார்.

செடி இப்போது அடர்ந்து தளிர்த்திருக்கிறது. கறிவேப்பிலை வேண்டியவர்கள் சொல்லுங்கள், வேரோடு தருகிறேன்.